சும்மா இருக்கையில் ஒன்பது

மூன்று மாத வாடகை பாக்கி.
ஈடாக எட்னால்டோ விட்டுப்போனது
ஒரு கறுப்பு கேம் கன்சோல்,
பித்தான் தேய்ந்த இரண்டு கன்ட்ரோலர்,
"அருமையா ஓடும், தோனா டிர்சே" என்று ஒரு வாக்கியம்.

ரெசிஃபேயில் ஜூலை. மூன்று நாளாக விடாத மழை.
சமையல் மேசையில் துண்டு விரித்து அதைக் கிடத்தினேன்.
விற்றால் ஒரு மாத வாடகையாவது தேறும்.
சுவிட்சைத் தள்ளினேன்.
விளக்கு வரவில்லை.

பகலெல்லாம் ராமிரோ கடையில்
மின்விசிறி பிரிக்கிற கை இது;
இதற்கா அசரும்?

முதலில் அடாப்டரின் முதுகைப் பார்த்தேன்.
பையன் சால்வடோர்க்காரன்.
அங்கே சுவருக்குள் நூற்றிருபத்தேழு, இங்கே இருநூற்றிருபது.
ஒரே கொடி, இரண்டு மின்சாரம்.
ஊர் மாறி வந்தவர் வீட்டில்
முதல் வாரமே ஒரு மிக்ஸி புகைந்திருக்கும்.
குட்டிச் சுவிட்ச் ஒழுங்காக இருநூற்றிருபதில் நின்றது.
அந்த மட்டில் கவனக்காரன்தான்.

மீட்டரை வைத்தேன்.
இந்த ரகத்துக்கு நடுவில் எதிர், விளிம்பில் நேர்;
மாற்றி நினைத்துக் கெடுத்தவர்கள் உண்டு.
ஒன்பது புள்ளி இரண்டு. பழுதில்லை.
அடிமூடியைக் கழற்றி, ஜாக்கைச் செருகி,
சுவிட்சைத் தள்ளி,
ஜாக்கின் காலில் மறுபடி அளந்தால்
மூன்று.

சிரித்துவிட்டேன்.
சும்மா இருக்கையில் ஒன்பது,
சுமை ஏற்றினால் மூன்று.
இந்த ஆள் என் பின்னறையில்தானே குடியிருந்தான்!

ஆனாலும் வாய் சொன்னதை வைத்துத் தீர்ப்பெழுதக் கூடாது.
மோட்டார் சைக்கிள் பல்பு ஒன்றை
அடாப்டரின் முனையில் கட்டினேன்.
மஞ்சளாக எரிந்தது. மீட்டரில் எட்டு புள்ளி ஏழு.
கால்மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்,
இறங்கவேயில்லை.
பாவம், அடாப்டர் யோக்கியன்.
உள்ளே யாரோ விழுங்குகிறார்கள்.

தகரத் தடுப்பை நிமிர்த்தியபோது
ஃபியூஸ் இருக்கவேண்டிய இடத்தில்
சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாள்.
நேர்த்தியாக, இரண்டு சுற்று.

ஃபியூஸின் உத்தியோகமே சாவதுதான்.
அரை ரூபாய்க் கம்பி சாகட்டும் என்று விட மனமில்லாமல்
பக்கத்தில் இருந்த கெப்பாசிட்டர்
வயிறு உப்பி, காலடியில் பழுப்பாகக் கசிந்து கிடந்தது.
சூட்டுக்கோலை வைத்ததும் மீன் நாற்றம்.
"இன்னைக்கு என்ன, கெளுத்தியா?"
மழைக்கு நடுவே எட்டிப் பார்த்தாள் நெய்டே.
ஆமாம் என்றேன். விளக்கிச் சொல்ல முடியுமா இதை?

அதன் ஒரு காலைத் தூக்கியதுமே
உள்ளே வருவது ஒன்பது,
ரெகுலேட்டர் தருவது ஐந்து புள்ளி பூஜ்யம் இரண்டு.

அப்புறம் சூட்டுக்கோல் ஆறும்வரை
அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
முதல் மாதம் கதவைத் தட்டப் போனேன்;
உள்ளே துப்பாக்கிச் சத்தமும் அவன் சிரிப்பும்.
மழையாயிற்றே என்று திரும்பினேன்.
இரண்டாம் மாதம் ஒரு கிண்ணம் சூப்போடு போனேன்.
வாடகைப் பேச்சு சூப்புக்குள் மூழ்கிவிட்டது.
முதல் தடவையே இரண்டு வார்த்தை கத்தியிருந்தால்
ஏதோ ஒன்று பட்டென்று அறுந்திருக்கும்,
மாற்றிவிட்டு நடந்திருப்போம்.
அவன் மட்டுமா சுற்றினான் தாள்?

மறுநாள் ஒரு கெப்பாசிட்டர்,
ஒன்றரை ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று,
கைக்காசு எழுபது சென்டாவோ கூடுதல் கொடுத்து
இன்னொரு ஃபியூஸ்.
சிவப்பு விளக்கு. திரை நீலம். பிறகு இசை.

ஒன்பது மணிக்கு கருவாருவிலிருந்து ஃபோன்.
"வித்தாச்சா, தோனா டிர்சே?"
மூன்றாவது கட்டத்தின் பாலத்தில்
ஒரே உயிர் மிச்சம் எனக்கு.
தோளுக்கும் காதுக்கும் நடுவே ஃபோனை இடுக்கி,
"இன்னும் சோதிக்கிறேன்" என்றேன்.
"பாக்கி அப்படியே நிக்குது, எட்னால்டோ.
முழுசா."

சொல்லும்போது குரல் கொஞ்சம் உயர்ந்தது.
அந்தப் பக்கம் அவன் எதையோ விழுங்கினான்.
இந்தப் பக்கம் நான் பாலத்திலிருந்து விழுந்தேன்.